பல் பிடுங்கப் போகிறீர்களா? முதலில் துப்பாமல் இருக்கப் பழகுங்கள்

பல் பிடுங்குவது என்றாலே எல்லோரும் கேட்பது ஊசியைப் பற்றித்தான், வலிக்குமா வலிக்காதா என்று. ஊசி ஒரு விஷயமே இல்லை. நாற்காலியில் நடப்பதை டாக்டர் பார்த்துக்கொள்வார். வீட்டுக்கு வந்த பிறகு வரும் மூன்று நாள் இருக்கிறதே, அது உங்கள் பொறுப்பு, அங்கேதான் பலபேர் கோட்டை விடுகிறார்கள்.

பல் இருந்த குழியில் ரத்தம் நிறைந்து, உறைந்து, ஒரு கட்டியாக உட்காரும். முழங்காலில் சிராய்த்த இடத்தில் பொருக்குத் தட்டுமே, அந்த வேலையைத்தான் இது வாய்க்குள் செய்கிறது. அடியில் இருக்கும் எலும்பையும் நரம்பு முனைகளையும் மூடிக்கொள்ளும், அதன் மேல்தான் புது ஈறு வளரும். அந்தக் கட்டி பெயர்ந்து வந்துவிட்டால் பிடுங்கின வலியெல்லாம் ஒன்றுமே இல்லை என்று சொல்ல வைக்கும் ஒரு வலி வரும். ஆகவே இனி சொல்லப்போவதில் முக்கால்வாசி அந்தக் கட்டியைக் காப்பாற்றுவதற்குத்தான். சிக்கல் என்னவென்றால் நம் பழக்கம் எல்லாம் அதற்கு நேர் எதிர்: சாப்பிட்டு எழுந்தால் கொப்பளிப்போம், வாயில் கொஞ்சம் கசப்புத் தட்டினால் துப்புவோம், வெற்றிலை போட்டால் கேட்கவே வேண்டாம்.

பிடுங்கித்தான் ஆக வேண்டுமா?

இதை டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். சொத்தை நரம்புவரை போயிருந்தாலும் பல்லின் சுவர்கள் கொஞ்சம் கெட்டியாக இருந்தால் வேர் சிகிச்சை (ரூட் கெனால்) செய்து மேலே கேப் போட்டுக் காப்பாற்றலாம். அதற்குச் செலவு அதிகம், சில தடவை போய்வர வேண்டியிருக்கும், அதனால்தான் "புடுங்கிப் போட்ருங்க டாக்டர், தொல்லை விட்டுச்சு" என்று நாமே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறோம். ஆனால் ஒரு கடைவாய்ப்பல் போனால் பக்கத்துப் பல் மெல்ல அந்த இடத்தில் சாயும், எதிர்ப்பக்கத்துப் பல் அந்த இடைவெளியை நோக்கி இறங்கும், மெல்லுவது எல்லாம் ஒரே பக்கத்துக்குப் போகும். ஞானப்பல் விஷயம் வேறு. அது குறுக்கே படுத்துக்கொண்டு தனக்கு முன்னால் இருக்கும் பல்லை இடித்தாலோ, ஈறு அடிக்கடி வீங்கினாலோ, எடுத்துவிடுவதே நல்லது, அந்த இடத்தில் வேறு பல் கட்டவும் தேவையில்லை.

எங்கே போவது, எப்போது போவது

நம் காவிரி டெல்டாவில் தாலுகா மருத்துவமனைகள் பலவற்றில் பல் பிரிவு உண்டு, அங்கே காலையில் ஓ.பி. சீட்டு வாங்கிக்கொண்டு போனால் சாதாரணப் பல்லை இலவசமாகவே எடுத்துவிடுவார்கள். எலும்புக்குள் புதைந்த ஞானப்பல், அறுவை செய்து எடுக்க வேண்டியது என்றால் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேட்கலாம், கொள்ளிடம் பக்கத்துக்காரர்களுக்குச் சிதம்பரம் அண்ணாமலை நகரில் இருக்கும் பல் மருத்துவக் கல்லூரி கிட்டம், பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு பக்கம் இருப்பவர்களுக்கு 2023-இல் திறந்த புதுக்கோட்டை அரசுப் பல் மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. தனியார் என்றால் போர்டில் பி.டி.எஸ். அல்லது எம்.டி.எஸ். என்ற பல் மருத்துவப் பட்டம், அதோடு பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். எக்ஸ்ரே, தையல், மருந்து எல்லாம் சேர்த்துத்தான் சொல்கிறாரா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. பல் செட் செய்து தருகிறேன் என்று கடை போட்டிருப்பவரிடம் பல் பிடுங்கக் கொடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

நேரம் ரொம்ப முக்கியம். நம் ஊர்ப்பக்கம் பல் கிளினிக் பலவும் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல்தான் களைகட்டும், நாமும் வேலையெல்லாம் முடித்துவிட்டு எட்டு மணிக்குப் போய் உட்காருவோம். எட்டரைக்குப் பிடுங்கி, ஒன்பதரை கடைசி பஸ்ஸைப் பிடித்து வலங்கைமானுக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு கிராமத்தில் இறங்கி, பதினொரு மணிக்கு மரத்துப்போனது தெளிந்து ரத்தம் கசிய ஆரம்பித்தால் யாரைக் கூப்பிடுவீர்கள்? காலையில் போங்கள். சனிக்கிழமை வேண்டாம், மறுநாள் கிளினிக் பூட்டியிருக்கும். விரத நாளும் வேண்டாம், ஏகாதசி, கிருத்திகை என்று பட்டினி கிடந்துகொண்டு மாத்திரை போட முடியாது. ஜூன் 12 மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துசேர்ந்து நடவு மும்முரமாக இருக்கிற வாரமோ, அறுப்பு நேரமோ பார்த்துப் போய்விட்டு "மறுநாளே வயலுக்கு இறங்கலாமா" என்று கேட்டால் எந்த டாக்டரும் முடியாது என்றுதான் சொல்வார். குனிந்து நிமிர்ந்து, மூட்டை தூக்கி வேலை செய்தால் தலைக்கு ரத்தம் ஏறி, நின்ற கசிவு மறுபடி ஆரம்பிக்கும். இரண்டு மூன்று நாள் அந்த வேலை கூடாது.

டாக்டரிடம் மறைக்கக் கூடாதவை

நீங்கள் தினமும் போடும் மாத்திரை அட்டைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு அப்படியே எடுத்துப்போங்கள். பெயர் சொல்லத் தெரியாவிட்டாலும் அவர் பார்த்துக்கொள்வார். ரத்தத்தை இளக வைக்கும் ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், வார்ஃபரின் மாதிரி மாத்திரைகளை "பல் பிடுங்கப்போகிறோமே" என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். இதய அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தவர் நான்கு நாள் மாத்திரையை விட்டால் பல்லைவிடப் பெரிய ஆபத்து வரும். இதய டாக்டரும் பல் டாக்டரும் பேசி முடிவு செய்யட்டும், பல நேரங்களில் நிறுத்தாமலேயே, குழியில் மருந்துப் பஞ்சு வைத்துத் தையல் போட்டு எடுத்துவிடுவார்கள். சர்க்கரை இருப்பவர்கள் அண்மையில் பார்த்த அளவைக் கொண்டுபோகவும், கட்டுக்குள் இல்லையென்றால் புண் ஆறுவது இழுக்கும். எலும்புத் தேய்மானத்துக்கு வாராவாரமோ வருஷத்துக்கு ஒருமுறையோ மருந்து எடுப்பவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும், சில மருந்துகளால் தாடை எலும்பு ஆறாமல் போகும். கர்ப்பம் என்றால் அதையும்.

வெறும் வயிற்றில் போக வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முழு மயக்கம் கொடுக்கப்போகிறார்கள் என்றால்தான் பட்டினி. இடத்தை மட்டும் மரத்துப்போக வைக்கும் ஊசிக்கு நன்றாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும், சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் போய் நாற்காலியிலேயே மயங்கியவர்கள் உண்டு.

நாள் குறித்துவிட்டுக் காத்திருக்கும்போது வலி தாங்காமல் சொத்தைக்குள் எருக்கம்பால் விடுவது, புகையிலையை அடக்குவது, ஆஸ்பிரினைப் பொடித்து வைப்பது எல்லாம் ஈறைச் சுட்டுப் புண்ணாக்கும். அதையும் சேர்த்து டாக்டர் பார்க்க வேண்டிவரும்.

மேல்பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்ற பயம் இன்னும் நம்மிடம் இருக்கிறது. பார்வை நரம்புக்கும் பல்லுக்குப் போகும் நரம்புக்கும் சம்பந்தம் இல்லை. கண்புரை வருகிற வயதும் பல் ஆடுகிற வயதும் ஒன்றாக இருப்பதால் வந்த பழி அது என்றுதான் நான் நினைக்கிறேன்.

நாற்காலியில்

ஊசி சுருக்கென்று இருக்கும். அதில் ரத்தக் குழாயைச் சுருக்கும் மருந்தும் சேர்ந்திருப்பதால் சிலருக்கு இரண்டு மூன்று நிமிஷம் நெஞ்சு படபடக்கும், பயப்பட வேண்டாம், அடங்கிவிடும். கீழ்த்தாடை என்றால் பாதி உதடும் பாதி நாக்கும் தடித்துப்போன மாதிரி தெரியும். பிடுங்கும்போது அழுத்தம் தெரியும், தாடையை ஒரு பக்கமாகத் தள்ளுவது தெரியும், 'நறுக்'கென்று சத்தம்கூட மண்டைக்குள் கேட்கும். இதெல்லாம் சரிதான். கூர்மையாக வலித்தால் மட்டும் கையைத் தூக்குங்கள், இன்னும் கொஞ்சம் மருந்து போடுவார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்வதில் பெருமை எதுவும் இல்லை (கடிக்கவும் முடியாது, அது வேறு). சீழ் கட்டி ரொம்ப வீங்கியிருந்தால் ஊசி சரியாகப் பிடிக்காமல் போகலாம், அதனால் முதலில் சீழை வடித்தோ மருந்து கொடுத்தோ பிறகு வரச் சொல்வதும் உண்டு.

பஞ்சு, எச்சில், முதல் ராத்திரி

குழியின் மேல் பஞ்சை வைத்து "கடிச்சுக்குங்க" என்பார்கள். முக்கால் மணி நேரம் அதை விடாமல் அழுத்திக் கடிக்க வேண்டும். பேசக் கூடாது. இதுதான் நம் ஊரில் நடக்காத காரியம். என் அப்பாயிக்குக் கீழ்க்கடைவாய்ப்பல்லை எடுத்துவிட்டு ஆட்டோவில் கூட்டிவந்தோம். இறங்கியதும் எதிர்வீட்டு அத்தை "என்னாச்சு பெரியம்மா, புடுங்கியாச்சா?" என்று கேட்க, அப்பாயி பஞ்சை வெளியே எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, ஊசி எவ்வளவு நீளம், டாக்டர் பொண்ணு எந்த ஊரு, பல் எப்படி மூணு வேரோடு வந்தது என்று விலாவாரியாகச் சொல்லிவிட்டு, அதே பஞ்சை எடுத்து மறுபடி வாயில் வைத்துக்கொண்டார். அப்புறம் ஒரு மணி நேரம் கசிந்துகொண்டே இருந்தது. ஆகவே வீட்டில் ஒருவர் வாசலிலேயே நின்று விசாரிக்க வருகிறவர்களுக்குப் பதில் சொல்லிவிடுவது நல்லது.

எச்சிலைத் துப்பாதீர்கள். விழுங்குங்கள். "ரத்தத்தை எப்படிங்க விழுங்குறது" என்று முகம் சுளிப்பவர்களுக்கு: அது பெரும்பாலும் எச்சில், ஒரு சொட்டு ரத்தம் கலந்தாலே ஒரு டம்ளர் ரத்தம் போலத் தெரியும். துப்பும்போது வாய்க்குள் ஏற்படும் உறிஞ்சல்தான் கட்டியைப் பெயர்க்கிறது. ஸ்ட்ரா போட்டு இளநீர் குடிப்பதும் அதே கதைதான், இளநீரை டம்ளரில் ஊற்றி மெதுவாகக் குடிக்கலாம். வழிகிற எச்சில் தாங்கவில்லையென்றால் வாயைத் திறந்து தானாக விழவிடுங்கள், 'தூ' மட்டும் வேண்டாம். முதல் 24 மணி நேரம் கொப்பளிப்பதும் கூடாது.

முதல் நாள் எச்சில் இளஞ்சிவப்பாக வருவது சாதாரணம். சிவப்பாக வாய் நிறைய ஊறிக்கொண்டே இருந்தால் சுத்தமான காஸ் துணியை நனைத்துப் பிழிந்து, தடிமனாக மடித்து, சரியாகக் குழிக்கு மேல் வைத்து அரை மணி நேரம் நிமிர்ந்து உட்கார்ந்தபடி கடியுங்கள். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்ப்பது என்ற வேலை கூடாது. இரண்டாவது தடவையும் அப்படிச் செய்து நிற்கவில்லையென்றால் கிளம்பிவிடுங்கள். காபித்தூள், மஞ்சள்தூள், அடுப்புச் சாம்பல் எதையும் குழியில் அடைக்காதீர்கள். தூங்கும்போது இரண்டு தலையணை வைத்துத் தலையை உயர்த்திக்கொண்டு, மேலே ஒரு பழைய துண்டை விரித்துக்கொள்ளுங்கள், காலையில் கறையைப் பார்த்து வீட்டில் யாரும் அலற வேண்டியதில்லை.

குழந்தைகளுக்குப் பல் எடுத்திருந்தால் மரத்துப்போன உதட்டை வேடிக்கையாக மென்றுகொண்டே இருப்பார்கள், மரப்பு தெளிந்ததும் உதடு புண்ணாகி வீங்கியிருக்கும். இரண்டு மூன்று மணி நேரம் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஐஸ் வைப்பது முதல் நாளில்தான் பயன்படும். ஐஸ் கட்டி இல்லையென்றால் பாலிதீன் கவரில் தண்ணீர் கட்டி ஃபிரீசரில் வைத்து, துண்டில் சுற்றிக் கன்னத்தின் மேல் இருபது நிமிஷம், பிறகு இருபது நிமிஷம் ஓய்வு. இரண்டாம் மூன்றாம் நாள் வீக்கம் உச்சத்துக்குப் போகும், அதைப் பார்த்துப் பயந்து தைலம் தேய்க்க வேண்டாம்.

வலி மாத்திரையை மரப்பு தெளிவதற்கு முன்பே, ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். வலி ஏறிய பிறகு போட்டால் அது வேலை செய்ய நேரமாகும். எழுதிக்கொடுத்ததை விட்டுவிட்டு மெடிக்கலில் "பல்வலிக்கு ஒரு செட்" என்று கேட்காதீர்கள். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா இருப்பவர்களுக்கு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் வகை ஆகாது, பாராசிட்டமாலும் பல கூட்டு மாத்திரைகளில் ஒளிந்திருக்கும். பெரியவர்களுக்கே ஒரு நாளில் பாராசிட்டமால் எல்லாம் சேர்த்து 4 கிராமைத் தாண்டக் கூடாது. ஆன்டிபயாடிக் எல்லோருக்கும் தேவைப்படாது, தரவில்லையென்றால் டாக்டர் மறந்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம். கொடுத்திருந்தால் முழுவதும் முடியுங்கள். அதில் மெட்ரோனிடசோல் இருந்தால் அதை முடிக்கும்வரையும், முடித்து மூன்று நாள்வரையும் டாஸ்மாக் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள்.

என்ன சாப்பிடுவது

இதில் நாம் கொடுத்துவைத்தவர்கள். குழைய வடித்த சோற்றில் தயிர் விட்டு, தாளிக்காமல், கடுகும் மிளகாயும் போடாமல் பிசைந்து ஆறவைத்தால் முதல் நாளைக்கு அது போதும். பழைய சோற்றை மோர் விட்டு நன்றாகக் கரைத்து, வெங்காயம் பச்சை மிளகாய் தொடாமல் குடிக்கலாம். கேழ்வரகுக் கூழ் ஆறினது, பாலில் ஊறவைத்த இடியாப்பம், நெய் விட்ட பருப்புச் சோறு, பூவன் பழம், இரண்டாம் நாளில் இருந்து இட்லியைச் சாம்பாரில் ஊறவிட்டுக் காரம் இல்லாமல். மெல்லுவது எல்லாம் மறுபக்கம். ஐஸ்கிரீம் வேண்டுமென்றால் கப்பில் வாங்கி ஸ்பூனால் சாப்பிடுங்கள், குச்சி ஐஸை உறிஞ்ச வேண்டாம். திருவையாறு அசோகா சாப்பிடலாமா என்று கேட்கிற ஆட்கள் எங்கள் வீட்டிலேயே உண்டு. பாசிப்பருப்புதானே, மெத்தென்றுதான் இருக்கும், மறுநாள் கொஞ்சம் ஆறினதாகச் சாப்பிடலாம், சர்க்கரைக்காரர்கள் வாயைக் கட்டிக்கொள்ளவும்.

கஷ்டமானது காபிதான். கும்பகோணத்துக்காரரிடம் போய் டிகிரி காபியை ஆறவைத்துக் குடி என்று சொல்வது பாவம்தான், ஆனால் முதல் நாள் சூடு கூடாது, சூடு பட்டால் கட்டி இளகி மறுபடி கசியும். மறுநாள் வெதுவெதுப்பாகக் குடித்துக்கொள்ளுங்கள். நாகப்பட்டினம் பக்கம் மீன் இல்லாமல் சோறு இறங்காது என்பவர்கள் ஒரு வாரத்துக்கு முள் மீனை விட்டுவிடவும், முள்ளும் முறுக்குத் துண்டும் குழிக்குள் போய் நின்றால் எடுப்பது பெரும்பாடு.

வெற்றிலை, சீவல், புகையிலை விஷயத்தில் நான் கறாராகவே சொல்கிறேன். சுண்ணாம்பு புண்ணைச் சுடும், சீவல் குழியில் மாட்டும், போட்டபின் துப்பாமல் முடியாது. புகையிலையும் சிகரெட்டும் ரத்த ஓட்டத்தைக் குறைப்பதால் ஆறுவதே தள்ளிப்போகும், பீடி இழுக்கும்போது உறிஞ்சலும் சேர்ந்துகொள்கிறது. குறைந்தது ஒரு வாரம் எதுவும் கூடாது. ஒரு வாரம் விட முடிந்தவர் அப்படியே விட்டுவிட்டால் நல்லது, அது அவரவர் பாடு. மேல்பல் எடுத்தவர்கள் மூக்குப்பொடியையும் சேர்த்து நிறுத்த வேண்டும். மேல்கடைவாயின் வேருக்கும் முகத்துக்குள் இருக்கும் காற்றறைக்கும் நடுவில் மெல்லிய எலும்புதான், பலமாகத் தும்மினாலோ மூக்கைச் சிந்தினாலோ அங்கே ஓட்டை விழலாம். தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள்.

24 மணி நேரம் கழிந்த பிறகு ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை ஸ்பூன் உப்பைப் போட்டு, வாயில் வைத்துத் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துவிட்டு, வாயைத் திறந்து விழவிடுங்கள். களகளவென்று அடித்துக் கொப்பளிப்பது இல்லை. சாப்பிட்ட பிறகு ஒவ்வொரு முறையும், ஒரு வாரத்துக்கு. மற்றப் பற்களை மறுநாளிலிருந்து மெதுவாகத் தேய்க்கலாம். பல்பொடி, வேப்பங்குச்சி பழக்கம் உள்ளவர்கள் ஒரு வாரம் மெத்தென்ற பிரஷ்ஷுக்கு மாறிக்கொள்ளுங்கள், பொடி நேராகக் குழியில்தான் போய் உட்காரும்.

மூன்றாம் நாளைக் கவனியுங்கள்

சாதாரணமாக ஆறுகிற குழியில் வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். குறைந்துகொண்டு வந்தது இரண்டாம் நாள் கழித்து, பெரும்பாலும் மூன்றாம் நாள் வாக்கில், புதிதாகக் கிளம்பி, காது வரைக்கும் குத்தி, மாத்திரைக்கும் அடங்காமல், வாயில் ஒரு கெட்ட நாற்றமும் வந்தால் கட்டி போய்விட்டது என்று அர்த்தம். கண்ணாடியில் பார்த்தால் குழி வெறுமையாக, அடியில் வெளிர் எலும்பு தெரியலாம். கீழ்த்தாடைக் கடைவாயில்தான் இது அதிகம் வரும். பொறுத்துக்கொண்டு கிராம்புத் தைலம் விட்டுக்கொண்டு உட்கார வேண்டாம். டாக்டர் குழியைக் கழுவி மருந்து வைத்தால் பெரும்பாலும் அன்றைக்கே ஆறுதல் கிடைக்கும், இன்னும் ஓரிரு முறை மருந்து மாற்ற வேண்டியிருக்கும்.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத ஒன்று: குழியின் மேல் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ ஒரு படலம் தெரிந்தால், வலியும் குறைந்துகொண்டு வந்தால், அது சீழ் இல்லை. ஆறுகிற புண்ணின் மேல்தோல். குச்சியால் நோண்டி எடுக்காதீர்கள்.

காய்ச்சல் வந்தால், மூன்றாம் நாளுக்குப் பிறகும் வீக்கம் ஏறிக்கொண்டே போனால், வாய் இரண்டு விரல்கூட நுழையாத அளவுக்கு இறுகினால், மறுநாளும் உதடு மரத்தே இருந்தால், தண்ணீர் குடிக்கும்போது மூக்கு வழியாக வந்தால், பிடுங்கின டாக்டரிடமே போய்க் காட்டுங்கள். வீக்கம் தாடைக்குக் கீழே கழுத்துக்கு இறங்கி, விழுங்கவோ மூச்சுவிடவோ கஷ்டமானால் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள், உடனே 108-ஐக் கூப்பிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அது உயிர் சம்பந்தப்பட்டது.

தையல் போட்டிருந்தால் அது கரைகிற நூலா, பிரிக்க வேண்டிய நூலா என்று அன்றைக்கே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பிரிக்க வேண்டியதை வழக்கமாக ஒரு வாரத்தில் பிரிப்பார்கள். ஈறு மூட இரண்டு மூன்று வாரம் ஆகும், அதுவரை சோற்றுப் பருக்கை குழிக்குள் போவதும் உப்புத் தண்ணீரில் வெளியே வருவதுமாகத்தான் இருக்கும். சில வாரம் கழித்து நாக்கில் ஊசி மாதிரி எலும்புத் துணுக்கு நிரடினால் அது தானாக வெளியே வரப் பார்க்கிறது, உறுத்தினால் டாக்டர் எடுத்துவிடுவார். உள்ளே எலும்பு நிறைய மாதக்கணக்கில் ஆகும். ஆகவே அந்த இடத்தில் பல் கட்டுவதைப் பற்றி தையல் பிரிக்கப் போகும்போதே பேச்சை எடுங்கள்: கழற்றி மாட்டுவதா, பக்கத்துப் பற்களைச் சீவிப் பாலம் போடுவதா, இம்ப்ளான்டா, ஒவ்வொன்றுக்கும் எத்தனை மாதம் பொறுக்க வேண்டும், எவ்வளவு ஆகும் என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.